மதகைத் திறப்பதா, மூடுவதா? ஏரி நிரம்பிய ஊரின் கணக்கு

எங்கள் ஊர் ஏரி இந்த வருஷம் நிரம்பிக் கோடி போனது, அதாவது உபரித் தண்ணீர் வெளியே வழிந்தது. ஏரி நிரம்பாத வருஷத்தில் எங்களுக்குள் சண்டை கிடையாது. வானத்தை நாலு வார்த்தை திட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். நிரம்பினால்தான் வம்பு. கோடியில் தண்ணீர் விழத் தொடங்கிய மூன்றாம் நாளே டீக்கடையில் பேச்சு சூடாகிவிட்டது. மார்கழியில் நாற்று விடுகிற நவரை நெல்லுக்கு மதகைத் திறந்து விடுவதா, மூடியே வைத்துக் கிணறுகளை ஊற விடுவதா?

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற ஊருக்குப் பக்கம், மலையடிவாரத்தில் இருக்கிற சின்ன ஊர். ஏரிக்குக் கீழே, ஏரித் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டில் எனக்கு ஒன்றேகால் ஏக்கர் கழனி இருக்கிறது. பெரியப்பா பிள்ளைகளோடு சேர்ந்த பங்குக் கிணற்றில் நாலில் ஒரு பங்கும் உண்டு. ஆக இரண்டு கட்சியிலும் எனக்கு ஒரு கால். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் மண்டபத்தில் ஊர் கூடி முடிவெடுக்கப்போகிறது. அதற்குள் எந்த வழி யாருக்கு எதைக் கொடுக்கும், யார் வயிற்றில் கை வைக்கும் என்று எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏரியும் போரும் (ஆழ்துளைக் கிணறும்) ஒன்றையொன்று தின்கிற ஊர்கள் பழைய வடாற்காடு முழுக்க இருக்கின்றன. அவர்களுக்கும் இது உதவலாம்.

முதலில் பாறைக் கணக்கு

தஞ்சாவூர்க்காரர்களுக்கு இந்தச் சண்டை சுலபத்தில் புரியாது. அவர்கள் காலுக்குக் கீழே மண் ஆழமாக இருக்கிறது. எங்கள் காலுக்குக் கீழே பாறை. மேலாக்கக் கொஞ்சம் மண், அதன் அடியில் மக்கிப்போன பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறையும் அங்கங்கே வெடிப்பும். மழைத் தண்ணீர் தங்குவது பெரும்பாலும் அந்த மக்கிய அடுக்கில்தான். கிணறு வெட்டிய தாத்தாக்கள் அந்த அடுக்கோடு நிறுத்திக்கொண்டார்கள். போர் போட்ட நாங்கள்தான் வெடிப்பைத் தேடிக் கீழே கீழே போனோம்.

வேலூரில் வருஷத்துக்குச் சராசரியாக 900 முதல் 1000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இந்த மாதிரிப் பாறை நிலத்தில் அதில் பத்தில் ஒரு பங்கு நிலத்தடிக்கு இறங்கினாலே பெரிய விஷயம். 1 மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் விழுந்தால் சுமார் 4,000 லிட்டர். அப்படியானால் ஒரு ஏக்கரில் ஒரு வருஷத்துக்குக் கீழே இறங்குவது நாலு லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு ஏக்கர் நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் காட்டுகிறோம் என்று வைத்தால் அது 48 லட்சம் லிட்டர். அதாவது பன்னிரண்டு ஏக்கரில் கீழே இறங்குகிற மழையை ஒரு ஏக்கர் நெல் குடிக்கிறது. கழனியில் கட்டின தண்ணீரில் பாதி திரும்பக் கீழே இறங்கிவிடுகிறது என்று தாராளமாக வைத்தாலும் ஆறு ஏக்கர் மழை. தோராயக் கணக்குதான், ஆனால் எதிர்த்த வீட்டுக்காரர் ஏன் முறைக்கிறார் என்பது இதில் விளங்கிவிடும்.

2019-ல் எங்கள் கொல்லையில் ஒரு போர் போட்டோம். ரிக் வண்டி விடிய விடிய ஓடியது. 170 அடியில் தூசி ஈரமாகிக் கருஞ்சேறாக வந்ததும், எத்தனை ஹெச்பி மோட்டார் இறக்கலாம் என்று பேச ஆரம்பித்துவிட்டோம். 200 அடி தாண்டியதும் மறுபடி வெள்ளைத் தூசி. அப்புறம் 650 அடி வரைக்கும் அதே தூசிதான். விடிந்து பார்த்தால் வேப்பமரம், மாட்டுக் கொட்டகை, எங்கள் தலை எல்லாம் மாவு சலித்த மாதிரி இருந்தது. ஒன்றரை லட்சம் போச்சு. 170 அடி ஈரத்தை வைத்து எப்படியோ ஆறு மாதம் ஓட்டினோம். பக்கத்துக் கொல்லைக்காரர் 800 அடி இறக்கினார், எங்கள் ஈரமும் அவர் பக்கம் போய்விட்டது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. எங்கள் போரால் யார் கிணறு வற்றியது என்று நாங்களும் விசாரிக்கவில்லையே.

1968-ல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதைத்தான் மேய்ச்சல் நிலத்தை வைத்துச் சொன்னார். பொது நிலத்தில் இன்னொரு மாட்டை விடுவது ஒவ்வொருவனுக்கும் லாபம், எல்லாரும் விட்டால் புல்லே இருக்காது. தனியார் கையில் கொடு, இல்லையென்றால் அரசாங்கக் கட்டுப்பாட்டில் வை என்பது அவர் கட்சி. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார் உலகம் முழுக்க ஏரி, காடு, கடல் என்று பார்த்துவிட்டு, பயன்படுத்துகிறவர்களே கூடி விதி போட்டு நூற்றாண்டுக் கணக்கில் காப்பாற்றியிருக்கிறார்களே என்று காட்டினார். 2009-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் முதன்முதலில் ஆராய்ந்தது லாஸ் ஏஞ்சலீஸ் பக்கத்தில் நிலத்தடித் தண்ணீரை உறிஞ்சி உறிஞ்சிக் கடல்நீரை உள்ளே வரவழைத்துக்கொண்டவர்களின் கதையைத்தான். ஆக, போர் போட்டுக் கெட்டவர்கள் நாம் மட்டும் இல்லை.

மதகை மூடிவிடு என்கிற கட்சி

இந்தக் கட்சிதான் இப்போது ஊரில் பலமாக இருக்கிறது. ஆயக்கட்டிலேயே கிணறும் போரும் வைத்திருப்பவர்கள் இதில் சேர்ந்திருக்கிறார்கள். “ஏரில தண்ணி நின்னாத்தான் எங்கெணறு ஊறும். நீ தொறந்துட்டினா பங்குனியிலயே எல்லாருக்கும் பட்டை நாமம்” என்பார் என் சின்ன மாமா. அவரிடம் மூன்று போர் இருக்கிறது, பக்கத்துக் கழனிகளுக்கு மணிக்கணக்கில் தண்ணீர் விற்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. மதகில் வரும் தண்ணீர் வாய்க்காலில் பாதி வீணாகிறது, தலைமடைக்காரர் தேவைக்கு மேல் கட்டுகிறார், கடைமடைக்கு வருவதற்குள் பயிர் மஞ்சளாகிவிடுகிறது. கிணற்றுத் தண்ணீர் வேண்டும்போது வேண்டிய அளவு கிடைக்கும். அதற்கும் மேல், ஏரிக்கரைக்குக் கீழேதான் பஞ்சாயத்தின் குடிநீர்ப் போர் இருக்கிறது. போனமுறை மதகை முழுக்கத் திறந்துவிட்ட வருஷம், சித்திரையில் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. பெண்கள் குடத்தோடு என் மாமா போருக்குத்தான் வரிசை கட்டி நின்றார்கள். அதை அவர் இன்றைக்கும் மறக்காமல் சொல்லிக்காட்டுவார்.

ஆனால் இந்தக் கட்சி சொல்லாமல் விடுகிற கணக்கும் உண்டு. எங்கள் மாதிரி வெயில் ஊரில் ஏரித் தண்ணீர் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது. தையிலிருந்து சித்திரை வரை நாலு மாதத்தில் அது இரண்டு அடி. முழங்கால் தண்ணீர் நிற்கிற பக்கம் அது மொத்தமும் சூரியனுக்கே போகும். ஏரியில் படிந்த வண்டல் வேறு தண்ணீரைக் கீழே இறங்க விடாது. வண்டலை எடுக்காமல் மதகை மூடினால் தண்ணீர் கிணற்றுக்குப் போகும் என்று எதிர்பார்ப்பது பாதி ஆசைதான். கழனியில் பாய்ச்சின தண்ணீரும் கிணறுகளுக்குத்தான் கசிகிறது என்பது இன்னொரு விஷயம். திறந்தால் மொத்தமும் போச்சு என்பது சரியில்லை.

இதைவிடப் பெரிய கேள்வி, மூடினால் அந்தத் தண்ணீர் யாருடையது ஆகிறது என்பது. ஏரியில் நிற்கும்வரை அது ஊர்த் தண்ணீர். கீழே இறங்கி என் மாமா போருக்குள் போனதும் அவர் தண்ணீர், மணிக்கு இவ்வளவு என்று விலை. ஆயக்கட்டில் கிணறு இல்லாதவர்கள் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மேல். அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர்கள். மதகு அவர்களுடைய ஒரே கிணறு. அதை மூடிவிட்டு ‘எல்லாருடைய நன்மைக்கும்’ என்று தீர்மானம் எழுதினால் அதில் கையெழுத்துப் போட எனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கோ கிணற்றில் பங்கு இருக்கிறது!

பழையபடி நீர்க்கட்டி வைத்துத் திற என்கிற கட்சி

எதிர்க்கட்சி இது. கடைமடைக்காரர்களும், எழுபது வயதைத் தாண்டினவர்களும் இதில் இருக்கிறார்கள். ஊருக்கு ஒரு நீர்க்கட்டி இருந்த காலத்தை இவர்கள் சொல்லக் கேட்டால் ஏக்கமாக இருக்கும். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் கையில்தான். தண்ணீர் நிறைய இருக்கும் வருஷம் தலைமடையிலிருந்து வரிசை, குறைவான வருஷம் ஆளுக்கு இத்தனை நாழிகை என்று முறை. சொந்த வாய்க்காலில் சொந்தமாக மடை திறக்க நிலத்துக்காரனுக்கே உரிமை கிடையாது. அறுவடையில் களத்து மேட்டிலேயே அவருக்கு மரக்கால் நெல் அளந்துவிடுவார்கள்.

எங்கள் ஊரின் கடைசி நீர்க்கட்டியை நான் சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறேன். ராத்திரியில் தோளில் மண்வெட்டி, கையில் லாந்தர். மதகுக் கசிவை வைக்கோலையும் சாணியையும் பிசைந்து அடைப்பார், சொட்டு நின்றதா என்று காதை வைத்துக் கேட்பார். கழனியில் தண்ணீர் நிற்கிற அளவைக் கணுக்காலால் பார்த்தே சொல்லிவிடுவார், “போதும், அடைச்சிடு” என்று. அவருக்கு ஆயக்கட்டில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. நிலமில்லாதவர் என்பதாலேயே யார் பக்கமும் சாயமாட்டார் என்று பெரியவர்கள் புகழ்வார்கள். வடாற்காட்டு ஊர்கள் பலவற்றில் நீர்க்கட்டிகள் தலித் குடும்பத்தார். தண்ணீரைப் பங்கு போட அவர் கை வேண்டும், கோயில் மண்டபத்தில் உட்கார அவருக்கு இடம் கிடையாது. அவர் பிள்ளைகள் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போனதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஊராரே கூடி ஏரியையும் வாய்க்காலையும் பழுது பார்க்கிற குடிமராமத்து என்ற பேரைக் கேட்டதும் உருகிவிடுகிறவர்களுக்கும் இதே பதில். 1858-ல் வெள்ளைக்காரன் அதற்குப் போட்ட சட்டமே கட்டாய உழைப்புச் சட்டம்தான். அந்தக் காலத்தில்தான் வாலாஜா பக்கத்தில் பாலாற்று அணைக்கட்டையும் கட்டி, காவேரிப்பாக்கம், மகேந்திரவாடி ஏரிகளுக்குத் தண்ணீர் திருப்பினார்கள். மகேந்திரவாடி ஏரி பல்லவர் காலத்தது, மகேந்திரவர்மன் பேரில் இருக்கிறது. ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் ஒரு ஏரி தாக்குப்பிடிக்கிறது என்றால் கரையில் மண் சுமந்தது மன்னன் இல்லை. சுமந்தவர்களுக்கு எத்தனை மடை தண்ணீர் கிடைத்தது என்று கல்வெட்டில் தேடினால் கிடைக்காது.

இருந்தாலும் இந்த முறையின் எலும்பு உறுதியானது. முழு நேரமும் தண்ணீரைப் பார்க்கிற ஒரு ஆள், எல்லாருக்கும் தெரிந்த வரிசை, மீறினால் முதலில் சின்ன அபராதம், திரும்பச் செய்தால் பெரிசு. ஆஸ்ட்ரம் கண்டுபிடித்ததும் ஏறக்குறைய இதையேதான். பரம்பரையை விட்டுவிட்டுச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால் என்ன? ஊர்ப் பொதுவுக்கு மீன் குத்தகைக்காரர் கொடுக்கும் தொகை இப்போது திருவிழாவில் வாணவேடிக்கையாக வெடித்துப் போகிறது. அதில் ஒரு ஆளுக்கு நாலு மாதச் சம்பளம் தாராளமாக வரும்.

இந்தக் கட்சியின் ஓட்டை வேறொன்று. முறை போட்டது ஏரித் தண்ணீருக்கு மட்டும். தாத்தா காலத்தில் மாடு பூட்டிக் கவலை ஓட்டிக் கிணற்றில் இறைத்தார்கள், மாடு களைத்தால் இறைப்பும் நின்றது. இப்போது மோட்டார் களைப்பதில்லை, மின்சாரமும் இலவசம். மேலே நாழிகைக் கணக்கில் பங்கு போட்டுக்கொண்டு கீழே கணக்கில்லாமல் உறிஞ்சினால், ஓட்டைக் குடத்துக்கு மூடி போட்ட கதைதான்.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்கிற கட்சி

இது சின்னக் கட்சி. படித்த பிள்ளைகள் சிலர் சொல்கிறார்கள். போர் போட அனுமதி, மீட்டர், தடை.

தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கு 2003-லேயே ஒரு சட்டம் நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலே கிடந்து 2013-ல் ரத்தானது. மீட்டர் பேச்சை எடுத்தால் ஓட்டுக் கேட்டு வருகிறவர் ஊர் எல்லையிலேயே திரும்பிவிடுவார். 1970-களில் மின்கட்டணத்தை எதிர்த்து விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்த மாநிலம் இது. பஞ்சாபில் 2009-ல் ஒரு சட்டம் போட்டு, ஜூனில் குறித்த தேதிக்கு முன் நெல் நடவு கூடாது என்றார்கள். கோடைத் தண்ணீர் மிச்சமானது, அறுவடை தள்ளிப்போனது, கோதுமைக்கு அவசரமாக வயலைக் காலி செய்ய வைக்கோலைக் கொளுத்தியதில் டெல்லிக்குப் புகை கூடியது. ஒரு விதியை மேலிருந்து போட்டால் அது எங்கே போய் இடிக்கும் என்று போடுகிறவருக்குத் தெரிவதில்லை.

கோர்ட்டு? பாலாற்றில் தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்ததற்கு 1991-ல் வழக்குப் போட்டார்கள். 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை, மாசுபடுத்தியவரே பணம் கட்ட வேண்டும் என்பதற்காக நாடு முழுக்கச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் படிக்கிறார்கள். 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக, நஷ்டஈட்டைக் கொடுங்கள், ஆற்றைச் சுத்தப்படுத்துங்கள் என்று உச்ச நீதிமன்றம் இன்னொரு முறை உத்தரவு போட வேண்டியிருந்தது. கம்பெனிகளை எதிர்க்க அந்த வழியைத் தவிர வேறில்லை, அது சரி. எங்கள் நவரை அத்தனை வருஷம் காத்திருக்காது.

பயிரைப் பேசி முடிவு செய் என்கிற கட்சி

இது கட்சியே இல்லை. இப்போதைக்கு நானும், உரக்கடை வைத்திருக்கும் நண்பரும், இன்னும் இரண்டு பேரும்தான்.

மகாராஷ்டிரத்தில் ஹிவரே பஜார் என்று ஒரு ஊர். மழை எங்களைவிட ரொம்பக் குறைவு. வருஷா வருஷம் மழை எவ்வளவு, கிணறுகளில் எவ்வளவு என்று அளந்து, குடிக்க ஒதுக்கியது போக மீதிக்கு என்ன பயிர் என்று கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்குப் போர் போடுவதில்லை, கரும்பு, வாழை கிடையாது. பொபட்ராவ் பவார் என்கிற தலைவர் தொடர்ந்து நின்று நடத்தியதால் அது நடந்தது, அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. எங்கள் ஊரில் அப்படி ஒருவர் இல்லை, இருந்தாலும் அடுத்த தேர்தலில் தோற்கடித்துவிடுவோம்.

அதைவிட எனக்குப் பிடித்தது, தெலங்கானா பிரிவதற்கு முன் ஆந்திரத்தில் ஏழு வறட்சி மாவட்டங்களில் நடந்த முயற்சி. அதில் சித்தூரும் ஒன்று. 1911 வரை சித்தூரும் வடாற்காடும் ஒரே மாவட்டம்தான், பாறையும் ஒன்றுதான், பஞ்சமும் ஒன்றுதான். அங்கே விவசாயிகளே கயிறு விட்டுக் கிணற்றை அளந்தார்கள், மழைமானியைப் பார்த்து எழுதினார்கள். ராபி என்கிற குளிர்காலப் பட்டத்துக்கு முன்னால் கூடி, கீழே இவ்வளவு இருக்கிறது, நாம் நினைத்திருக்கும் பயிருக்கு இவ்வளவு வேண்டும் என்று சுவரில் எழுதிவிட்டார்கள். தடை இல்லை, அபராதம் இல்லை. பற்றாக்குறையைக் கண்ணால் பார்த்ததும் பலர் தாங்களாகவே நெல்லைக் குறைத்தார்கள்.

எங்களுக்கு இது ஒத்துவரும் என்று நினைக்கிறேன். நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் என்றால் வேர்க்கடலைக்கு 500, கேழ்வரகுக்கு 400-க்குள் முடிந்துவிடும். ஒரு ஏக்கர் நெல்லை விட்டால் மூன்று ஏக்கர் கேழ்வரகு. சிக்கல் விலையில்தான். நெல்லைப் போட அரசு கொள்முதல் நிலையம் இருக்கிறது. கேழ்வரகை வியாபாரி கேட்ட விலைக்குத்தான் தள்ள வேண்டியிருக்கிறது. தண்ணீரை மட்டும் பேசிவிட்டு விலையைப் பேசாமல் போனால், கூட்டத்தில் தலையாட்டிவிட்டு மறுநாள் நெல் நாற்றுதான் விடுவார்கள்.

நேரமும் முக்கியம். இந்தப் பட்டத்தை ஒட்டிக் கிராம சபை நவம்பர் 1-லும் ஜனவரி 26-லும் கூடுகிறது. நவம்பர் 1-ல் மழை முடிந்திருக்காது, கணக்குப் போட முடியாது. ஜனவரி 26-ல் நவரை நடவே முடிந்திருக்கும். பேச்சு மார்கழி முதல் வாரத்தில், நாற்று விடுவதற்கு முன் நடக்க வேண்டும். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை.

நான் கை தூக்கப்போவது

ஒரு கட்சியில் முழுசாகச் சேர எனக்கு மனசு வரவில்லை. மதகுச் சுவரில் பெயின்ட்டால் அடிக்கணக்கில் கோடு போட வேண்டும். பாதி ஏரி வரும் கோடு வரைக்கும் திறக்கலாம், அதற்குக் கீழே ஒரு சொட்டு கிடையாது. அந்த மீதி குடிநீர்ப் போருக்கும் கிணறுகளுக்கும் மாடுகளுக்கும். கிணறு வைத்திருப்பவர் மதகு முறையில் கடைசியில் நிற்கட்டும், கிணறு இல்லாதவர் முதலில். ஆளுக்கு அரை ஏக்கருக்கு மேல் நவரை நெல் இல்லை, மீதியில் கடலை, கேழ்வரகு. சம்பளத்துக்கு நீர்க்கட்டி, அது பெண்ணாக இருந்தாலும் சரி. கோடையில் வண்டல் எடுக்க வேண்டும், கூடவே வேலிக்காத்தானையும் (சீமைக் கருவேலத்தையும்) வேரோடு. புதுப் போர் மூன்று வருஷத்துக்கு யாரும் போடக்கூடாது என்று ஒரு வாய்ப்பேச்சு. சட்டத்தில் அதற்கு மதிப்பில்லை, மாரியம்மன் முன்னால் சொன்னால் கொஞ்சம் மதிப்பு உண்டு.

சின்ன மாமா எதிர்ப்பார். அவர் தண்ணீர் வியாபாரத்தில் நேராகக் கை வைக்கிற யோசனை இது. முதல் கோடு வரை திறந்தாலே ‘கெணறு வத்திடுச்சி’ என்று கிளம்புவார். அதற்காக அவர் கிணற்றிலும் எங்கள் பங்குக் கிணற்றிலும் கயிறு விட்டு வாரா வாரம் அளந்து டீக்கடைச் சுவரில் எழுதலாம் என்று உரக்கடை நண்பர் சொல்கிறார். டீக்கடைக்காரரும் சம்மதித்துவிட்டார், வியாபாரம் ஆகும் என்று.

இத்தனைக்கும் மேல் ஒன்று பாக்கி இருக்கிறது. மதகு ஷட்டரைத் திருகுகிற இரும்புச் சாவி. நீர்க்கட்டி போன பிறகு அது தலைமடைக்காரர் வீட்டுக்கு வந்து, அங்கேயே தங்கிவிட்டது. இரண்டு பூட்டு போட்டு, ஒரு சாவி நீர்க்கட்டியிடமும் ஒரு சாவி கடைமடைப் பக்கத்து மகளிர் குழுவிடமும் இருக்கட்டும் என்று சொல்லப்போகிறேன். பெரியப்பா மகனிடம் நேற்றுச் சொல்லிப் பார்த்தேன். “இன்னாண்ணே, நம்ம வீட்ல இருக்கறது உனக்கே புடிக்கலியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டான். சிரிப்பு கண்ணில் இல்லை. சாவி அவர்கள் வீட்டு நிலைப்படிக்கு மேல் ஆணியில்தான் தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போய்த்தான் அதைக் கேட்டு வாங்கி வர வேண்டும்.